“இயற்கைதானே, என்ன செய்யப் போகுது?”

எமது கடனுதவிக் குழுவொன்றின் மாதாந்தக் கூட்டத்துக்காக மட்டக்களப்பின் கிராமம் ஒன்றுக்குச் சென்றிருந்தேன். கணக்குப் பார்த்து முடிந்து எல்லோரும் கலைந்த பின்னரும் ஓர் அக்கா மட்டும் எழும்பாமல் இருந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். பத்து வருடங்களாகச் சீனி வருத்தம். கோழி வளர்ப்பதற்கெனக் கடன் பெற்றிருந்தார்.

“கோழியெல்லாம் எப்பிடி அக்கா?” என்று கேட்டேன்.

பதில் சொல்லாமல் பையிலிருந்து ஒரு டின்னை எடுத்து மேசையில் வைத்தார். “கோழிக்காசு இதுக்குள்ளதான் போச்சுது பிள்ளை.”

ஏதோ மூலிகைத் தூள். ஒரு டின் 6,500 ரூபா. ‘நூறு வீதம் இயற்கை, பக்க விளைவு அற்றது, நீரிழிவை வேரோடு அகற்றும்’ என்று அச்சிடப்பட்டிருந்தது. மூன்று டின் முடித்துவிட்டார். குளிசையை நிறுத்தினால்தான் தூள் வேலை செய்யும் என்று விற்ற பெண் சொன்னதால், இரண்டு மாதமாகக் கிளினிக் பக்கமே போகவில்லை. காலில் ஒரு சிறு புண், ஆறாமல் இருந்தது. “இயற்கைதானே, என்ன செய்யப் போகுது எண்டு நினைச்சன்” என்றார்.

மறுநாள் அவரை அழைத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். வெறுவயிற்றில் 100 மில்லிகிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டிய இரத்தச் சீனி 312 ஆக இருந்தது.

ஏன் நம்புகிறோம்?

படிப்பறிவு இல்லாததால் ஏமாறுகிறார்கள் என்று சொல்லிவிடுவது சுலபம். சமூகவியல் பட்டத்தோடு வேலைக்கு வந்த எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. அந்த அக்காவோடு கிளினிக் வரிசையில் நின்றபோதுதான் விளங்கியது. விடியற்காலையில் போய் நம்பர் எடுத்து, பகல்வரை காத்திருந்தால் வைத்தியரோடு பேசக் கிடைப்பது இரண்டு நிமிடம். தூள் விற்ற பெண்ணோ வீடு தேடி வந்து, பாயில் அமர்ந்து, தேநீர் குடித்து, கால் உளைவையும் வெளிநாட்டில் இருக்கும் மகனின் கதையையும் ஒரு மணித்தியாலம் கேட்டிருக்கிறார். அக்கா நம்பியது தூளை அல்ல, தன்னைக் கேட்ட காதுகளை.

நானும் விதிவிலக்கல்ல. இரண்டாவது பிள்ளை பிறந்த பின் முடி கொட்டியபோது, பத்திரிகை விளம்பரம் பார்த்து பயோட்டின் விற்றமின் குளிசைகளை மூன்று மாதம் விழுங்கினேன். பின்னர் இரத்தம் சோதித்தபோது ஹீமோகுளோபின் 9.4. எனக்குக் குறைவாக இருந்தது இரும்புச்சத்து. சோறு சாப்பிட்ட கையோடு தேநீர் குடிக்கும் பழக்கம், உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைத்திருக்கிறது. அரச கிளினிக்கில் இலவசமாகக் கிடைக்கும் இரும்புக் குளிசைதான் எனக்குத் தேவைப்பட்டது.

இயற்கை என்றால் பாதுகாப்பா?

நட்சத்திரம் போலிருக்கும் காமரங்காயை நாம் அறிவோம். அது நீரிழிவுக்கு மருந்து என்று நம்பி நெடுநாள் உண்டவரின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை இலங்கை மருத்துவர்கள் 2015 இல் பதிவு செய்துள்ளனர். அக்காயில் மிகுந்துள்ள ஒட்சலேற்றுதான் காரணம். மரத்தில் காய்த்தது என்பதற்காக அது தீங்கு செய்யாமல் விடவில்லை.

2020 டிசம்பரில், கோவிட் வராமல் காக்கும் என்று சொல்லப்பட்ட ஒரு பாணியை வாங்கக் கேகாலையில் ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்தனர். அதைப் பகிரங்கமாக அருந்திக் காட்டிய அப்போதைய சுகாதார அமைச்சரே 2021 ஜனவரியில் தொற்றுக்கு உள்ளானார்.

விற்றமின்களும் அப்படித்தான். கருத்தரிக்கும் முன்பிருந்தே போலிக் அமிலம் எடுத்தால் பிள்ளைக்கு முள்ளந்தண்டுக் குறைபாடு ஏற்படும் வாய்ப்பு வெகுவாகக் குறையும். 1991 இல் வெளியான பெரிய ஆய்வொன்று இதை உறுதி செய்தது. ஆனால் பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்குப் பீற்றா கரோட்டின் குளிசை கொடுத்துப் பார்த்த ஆய்வில், நுரையீரல் புற்றுநோய் 18 வீதம் கூடுதலாகக் காணப்பட்டது. அது 1994 இல் வெளியானது. கர்ப்பிணிகள் விற்றமின் ஏ குளிசையை அளவுக்கு மிஞ்சி எடுத்தால் சிசுவுக்கு ஊனம் ஏற்படலாம். ஆகவே ‘விற்றமின் நல்லதா?’ என்பதை விட, ‘எனக்கு வேண்டுமா, எவ்வளவு?’ என்று கேட்பதே சரி.

காசு கொடுக்குமுன் கேளுங்கள்

1. எத்தனை நோயைக் குணமாக்கும் என்கிறார்கள்? சீனி, பிரஷர், மூட்டுவலி, புற்றுநோய் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து என்றால் சந்தேகியுங்கள்.

2. சாட்சி என்ன? ‘என் மாமிக்குச் சுகமானது’ என்பது சாட்சியாகாது. மாமி அதே மாதம் தேநீருக்குச் சீனி போடுவதையும் நிறுத்தியிருக்கலாம். ஒரே நோயுள்ள பலரில் ஒரு பகுதியினருக்குக் கொடுத்து, மற்றவர்களுக்குக் கொடுக்காமல் ஒப்பிட்டுப் பார்த்தார்களா?

3. சொல்பவருக்கு விற்பனையில் இலாபம் உண்டா?

4. என்னென்ன சேர்ந்துள்ளன, எவ்வளவு சேர்ந்துள்ளன என்று டின்னில் எழுதப்பட்டுள்ளதா?

5. வைத்தியர் தந்த மருந்தை நிறுத்தச் சொல்கிறார்களா? அப்படியானால் மற்றக் கேள்விகளே வேண்டாம், டின்னைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எமது கைமருந்துகளை நான் பழிக்கவில்லை. தடிமனுக்குக் கொத்தமல்லி அவித்துக் குடிப்பதில் இதமுண்டு. வல்லாரைச் சம்பலும் முருங்கையிலைச் சுண்டலும் நல்ல உணவு. சித்த, ஆயுர்வேத சிகிச்சை வேண்டுமானால் அரச ஆயுர்வேத வைத்தியசாலைகளும் பதிவுபெற்ற வைத்தியர்களும் இருக்கிறார்கள். எங்கே போனாலும் எடுப்பதையெல்லாம் மறைக்காமல் சொல்லுங்கள். ஏசுவார்கள் என்று பயந்து நம்மில் பலர் மறைக்கிறோம். கிளினிக்குக்கு டின்னையும் கையோடு கொண்டு போங்கள். தனியே போகத் தயக்கமென்றால் குழுவிலுள்ள ஒருவரைத் துணைக்கு அழையுங்கள். எமது குழுவில் இப்போது அப்படித்தான் செய்கிறோம்.

அந்த அக்கா மீண்டும் குளிசை எடுக்கிறார். புண் ஆறிவிட்டது, கால் தப்பியது. ஆனால் வாங்காத கோழிகளுக்கான கடன் தவணையை இன்னும் மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கிறார்.