‘உத்திரமேரூர்’ என்று தட்டினால் கைபேசிக்குள் என்ன நடக்கிறது?

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊரை ‘குடும்பு’ எனப்படும் 30 பகுதிகளாகப் பிரித்து, தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்து, ஏரி வாரியத்துக்கும் தோட்ட வாரியத்துக்கும் ஆள் தேர்ந்த முறையை அவை சொல்கின்றன. எடுத்த ஓலையை ஊரவை நடுவே உரக்க வாசிக்க வேண்டும். பொறுப்பில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயர் மறுபடி குடத்தில் விழக் கூடாது. நிலமும் வேதக் கல்வியும் உள்ளவர்களுக்கே அந்த வாரியங்களில் இடம் இருந்தது என்பது அந்த முறையின் பெருங்குறை. ஆனாலும் பொதுக் காரியத்தின் விதிகள், வடசொல் கலந்த தமிழில், ஊருக்குப் பொதுவான சுவரில் ஏறின.

இன்று ஊர்ச் செய்தி கைபேசிக்கு வருகிறது. உளி எழுத்தின் வடிவத்தையே கல்லில் செதுக்கியது. கைபேசியோ வடிவத்தைச் சேமிப்பதில்லை, எண்களைத்தான் சேமிக்கிறது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் கொடுக்கும் பொது ஏற்பாடுதான் யூனிகோடு என்னும் ஒருங்குறி. 1991இல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது.

‘உத்திரமேரூர்’ கண்ணுக்கு ஏழு எழுத்து. உள்ளே 12 எண்கள். ‘த்’ என்பது தகரமும் புள்ளியும். ‘தி’ என்பது தகரமும் இகரக் குறியும். ‘மே’தான் வியப்பு. திரையில் இரட்டைக்கொம்பு முன்னே நிற்கிறது, மகரம் பின்னே வருகிறது. சேமிப்பிலோ மகரம் முதலில், ஏகாரக் குறி அடுத்து. நாம் ஒலிக்கும் வரிசை அதுதானே! காட்டும்போது மட்டும் ஒரு மென்பொருள் கொம்பைத் தூக்கி முன்னால் வைக்கிறது. ‘கோ’ என்றால் ஒரே குறியை இரண்டாகப் பிரித்துக் ககரத்தின் இருபுறமும் நிறுத்துகிறது. தமிழ்ச் செய்தி ஒன்றை நாம் திறக்கும்போதெல்லாம் இந்த வேலை கண்ணிமைக்கும் முன்னே முடிந்துவிடுகிறது.

இந்த ஒழுங்கு எளிதில் வரவில்லை. 1990களில் ஒவ்வொரு தமிழ்த் தளமும் தனக்கென ஓர் எழுத்துரு வைத்திருந்தது. அது உங்கள் கணினியில் இல்லையென்றால் திரை முழுக்கப் புரியாத குறிகள். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி போன்றோர் இணையத்தில் தமிழை ஏற்ற உழைத்தார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழ்99 விசைப்பலகை வந்தது. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது. பழைய குறுஞ்செய்தியில் ஆங்கிலத்துக்கு 160 இடம் கிடைத்தது, தமிழுக்கு 70தான். அதில் 12 இடத்தை ‘உத்திரமேரூர்’ ஒன்றே எடுத்துக்கொள்ளும். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டும் பழக்கத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

ஆப்பிரிக்க மொழிகளும் இதே வழியில்தான் வருகின்றன. எத்தியோப்பியாவின் அம்ஹாரிக் மொழிக்குரிய எழுத்து 1999இல்தான் ஒருங்குறியில் சேர்ந்தது. மேற்கு ஆப்பிரிக்க மொழிகளுக்காக 1949இல் சொலமானா காந்தே உருவாக்கிய ‘ன்கோ’ எழுத்து 2006 வரை காத்திருந்தது. நைஜீரியாவின் யொரூபா, ரோமன் எழுத்துகளின் கீழே புள்ளியும் மேலே தொனிக் குறியும் இட்டு எழுதப்படுவது. அவற்றைத் தட்டுவது கடினம் என்று விட்டுவிட்டால், கணவனும் வண்டியும் மண்வெட்டியும் ஒரே எழுத்துக்கூட்டலாகிவிடும். பி.பி.சி. யொரூபா, இக்போ மொழிகளில் செய்திச் சேவை தொடங்கியது 2018இல்தான். கோடிக்கணக்கானோர் பேசினாலும், எண்ணும் விசைப்பலகையும் சரியாக அமையாத மொழி இணையத்தின் பொது விவாதத்தில் திக்கித்தான் பேசும்.

நமக்கு அந்தத் தடை நீங்கிவிட்டது. ஆனால், கிடைத்ததை நாம் முழுதாகப் பயன்படுத்துவதில்லை. அறிவிப்பையும் தீர்மானத்தையும் தாளில் எழுதிப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். கணினிக்கு அந்தப் படம் வெறும் வண்ணப் புள்ளிகள். அதில் ‘ஏரி’ என்று தேடினால் எளிதில் அகப்படாது. பார்வையற்றவருக்குத் திரைவாசிப்பான் அதைச் சரியாகப் படித்துக் காட்டுவதும் கடினம். அதே வரிகளை ஒருங்குறியில் தட்டியிருந்தால் தேடலாம், கேட்கலாம், பத்தாண்டு கழித்தும் எடுத்துக் காட்டிக் கேள்வி எழுப்பலாம்.

பொறுப்பில் இருந்தவர் கணக்குக் காட்ட வேண்டும் என்பது உத்திரமேரூர்ச் சுவரில் ஆயிரத்து நூறாண்டுக்கு முன்பே எழுதிய நியாயம். அடுத்த கிராம சபைக்குப் போகும்போது, தீர்மானங்களையும் வரவு செலவையும் ஒருங்குறித் தமிழில் தட்டி வெளியிடச் சொல்லி உங்கள் ஊராட்சியில் கேளுங்கள். தட்டத் தெரிந்த பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.