வகுப்பு வயலில் நடக்கட்டும்

துணைவிதிகளை வரிசையாக வாசித்துக் காட்டுவதே சங்கப் பயிற்சி என்றாகிவிட்டது. இருபது ஆண்டு தறியில் அமர்ந்தவரையும், சிற்றாற்றுப் பாசனத்தில் தலைநரைத்தவரையும் பள்ளிப் பிள்ளைகளைப்போல் நடத்தினால் அவர் எங்ஙனம் கற்பார்?

நெல் விளைக்கும் மற்றொரு நாடாகிய இந்தோனேசியா இதற்கொரு வழி கண்டது. புகையான் பூச்சி பெருகியதால் 1986-இல் அந்நாட்டரசு 57 பூச்சிமருந்துகளை நெல்லுக்குத் தடைசெய்தது. 1989-இல் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் துணையோடு உழவர் வயல்வெளிப் பள்ளிகள் தோன்றின. ஏறத்தாழ 25 உழவர், வாரம் ஒருமுறை, பருவம் முழுதும் வயலிலிறங்கிப் பூச்சிகளை எண்ணுவர். கண்டதைப் படமாக வரைவர். மருந்து வேண்டுமா என்று வாதிட்டுத் தாமே முடிவு செய்வர். ‘இது என்ன பூச்சி?’ எனக் கேட்டால், ‘எங்கே கண்டீர்கள்? அது என்ன செய்துகொண்டிருந்தது?’ என்றே பயிற்றுநர் திருப்பிக் கேட்பார். விடைசொல்லும் ஆவலை அடக்குவது எம்போன்ற ஆய்வாளர்க்கு எளிதன்று!

தென்காசி வட்டாரத்தில் இதற்கு மாளிகை வேண்டா. நெசவாளர்க்கு அவரவர் கூலிக் கணக்கே பாடநூல்: பெற்ற நூல் எவ்வளவு, கொடுத்த துணி எவ்வளவு, வரவேண்டிய கூலி எவ்வளவு? விவசாயிக்குக் கடன் பாஸ்புத்தகம். தம் கடன் எவ்வளவென்று அறியாமலே கையொப்பமிடுவோர் இன்றும் உளர். வட்டி ஏறிய விதத்தைத் தாமே ஒருமுறை கணக்கிட்டவர், மகாசபையில் அறிக்கை படிக்கப்படும்போது எழுந்து கேள்வி கேட்பார்.

குற்றாலச் சாரலோடு கார் நடவும் தொடங்கும். முதல் வகுப்பை அப்போதே வரப்பில் கூட்டலாம்.