ஹோட்டல் பில்லுல அந்த 2%: கட்டறது நீங்க, முடிவு பண்றது யாரு?

கம்பெனி வேலையா அமெரிக்கா போயிட்டு வந்தவங்க, அந்த ஹோட்டல் பில்லை ஒருதடவை நிதானமா எடுத்துப் பாருங்க. ரூம் வாடகைக்குக் கீழே ஆக்குபன்சி டாக்ஸ் இருக்கும். அது தெரிஞ்ச விஷயம். அதுக்கும் கீழே டி.எம்.டி., டி.ஐ.டி., டி.பி.ஐ.டி.னு மூணு நாலு எழுத்துல இன்னொரு தொகை இருக்கலாம். பெரும்பாலானவங்க "இதுவும் ஏதோ டாக்ஸ்"னு நினைச்சு அப்படியே கிளெய்ம்ல போட்டுடுவாங்க.

சட்டப்படி பார்த்தா அது டாக்ஸே இல்லை. அந்த ஊர் ஹோட்டல் ஓனர்கள் சேர்ந்து, தங்களுக்குத் தாங்களே விதிச்சுக்கிட்ட கட்டணம். பேரு அசெஸ்மென்ட். ஊரை விளம்பரம் பண்ணி, மாநாடுகளை இழுத்துட்டு வந்து, ரூம்களை நிரப்பறதுக்கு மட்டும்தான் அந்தப் பணம் போகணும். இப்படி ஹோட்டல்கள் சேர்ந்த அமைப்பைத்தான் டூரிஸம் இம்ப்ரூவ்மென்ட் டிஸ்ட்ரிக்ட்னு சொல்றாங்க. கலிஃபோர்னியாவுல வெஸ்ட் ஹாலிவுட்ல 1989 வாக்குல ஆரம்பிச்ச ஐடியா இது. இன்னிக்கு அமெரிக்கா முழுக்கப் பரவிடுச்சு.

யாரும் விருப்பப்பட்டு ஏன் காசு கட்டப்போறாங்கன்னு தோணும். காரணம் இருக்கு. ஆக்குபன்சி டாக்ஸ் நேரா நகராட்சி கஜானாவுக்குப் போகுது. ரோடு, போலீஸ், லைப்ரரினு எதுக்கு வேணா செலவாகும். பட்ஜெட்ல கை கடிச்சா முதல்ல வெட்டு விழறது சுற்றுலா விளம்பரத்துக்குத்தான். அதனால நகராட்சி கை வைக்க முடியாத ஒரு தனி உண்டியல் ஹோட்டல்காரங்களுக்குத் தேவைப்பட்டுச்சு. பத்து ஹோட்டல் காசு போட்டு விளம்பரம் பண்ணி, பதினோராவது ஹோட்டல் சும்மா உட்கார்ந்து பலனை அனுபவிக்கக் கூடாதுன்னா எல்லாரையும் கட்டாயமா உள்ளே இழுக்கணும். அதுக்குத்தான் சட்டம்.

சென்னையில வாடகைக்கு இருக்கறவங்களுக்கு இது சட்டுனு புரியும். அப்பார்ட்மென்ட் அசோசியேஷன்ல மெயின்டனன்ஸை ஏத்தலாமா வேண்டாமான்னு கை தூக்கறது ஓனர்கள். மாசாமாசம் அதைக் கட்டறது பல வீட்டுல வாடகைக்காரர். மீட்டிங்ல அவருக்கு நாற்காலி கிடையாது. இங்கேயும் அதே கதைதான். அசெஸ்மென்ட் ஹோட்டல் மேலதான், ஆனா ஹோட்டல் அதை உங்க பில்லுக்குத் தள்ளிவிடலாம், தள்ளியும் விடுது.

இந்த வட்டத்தைப் பெருசாக்கும்போதுதான் சண்டை வரும். சான் டியேகோ கதை இதுக்கு நல்ல உதாரணம், கொஞ்சம் விரிவாவே பார்ப்போம்.

அங்கே 2008-ல டூரிஸம் மார்க்கெட்டிங் டிஸ்ட்ரிக்ட் தொடங்கினப்போ, 70 ரூம், அதுக்கு மேல இருக்கற ஹோட்டல்களுக்கு மட்டும் 2%. 2012-ல புதுப்பிச்சாங்க. ஒரு வருஷம் ரெண்டு வருஷத்துக்கு இல்லை, 39.5 வருஷத்துக்கு! உங்க ஹோம் லோனைவிட நீளம். அதோட சின்ன லாட்ஜ், மோட்டல் எல்லாத்தையும் உள்ளே சேர்த்தாங்க. 30 ரூமுக்குக் குறைவா இருந்தா 0.55%, மத்தவங்களுக்கு 2%.

அப்போ புதுசா மேயரா வந்த பாப் ஃபில்னர், 2013-ல ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட மறுத்தார். ஒப்பந்தக் காலம் இவ்வளவு நீளமா வேண்டாம், ஹோட்டல் ஊழியர்களுக்கு வாழ்றதுக்குப் போதுமான சம்பளம் வேணும், நகரத்துக்கும் பங்கு வேணும்னு கேட்டார். சில மாசம் இழுபறி. இன்னொரு பக்கம் கோர்ட்ல வழக்கு. கலிஃபோர்னியாவுல 2010-ல வந்த ப்ரொபொசிஷன் 26, எதையெல்லாம் டாக்ஸ்னு பார்க்கணும்ங்கறதை இறுக்கமா வரையறுத்துடுச்சு. டாக்ஸ்னு வந்துட்டா வாக்காளர்கிட்ட போய்த்தான் ஆகணும். விருந்தாளி பில்லுல ஏறுற இந்த 2% டாக்ஸா, இல்லையா? அதான் வழக்கோட சாரம். கடைசியில 2016-ல நகர கவுன்சில் வட்டத்தைச் சுருக்கி, மறுபடியும் 70 ரூமுக்கு மேல இருக்கற ஹோட்டல்கள்னு ஆக்கிடுச்சு.

என்னைக் கேட்டா, 2012-ல பண்ணின விரிவாக்கம் அளவுக்கு மீறினதுதான். கன்வென்ஷன் சென்டர்ல பெரிய மாநாடு நடந்தா பக்கத்துல இருக்கற 500 ரூம் ஹோட்டல் நிரம்பும். ஊர் ஓரத்துல ஹைவே பக்கம் இருக்கற 20 ரூம் மோட்டலுக்கு அதுல என்ன கிடைக்கும்? "பலன் யாருக்கோ அவங்கதான் கட்டணும்"ங்கறதுதான் இந்த ஏற்பாட்டுக்கே அடிப்படை. பலனைக் காட்ட முடியாத இடத்துக்கு வட்டத்தை நீட்டினா அது வேற பேர்ல வர்ற வரிதான்.

இதுல யார் முடிவு எடுக்கறாங்கன்னும் பாருங்க. இந்த மாதிரி டிஸ்ட்ரிக்ட்களுக்கு கலிஃபோர்னியாவோட 1994 சட்டம் சொல்றது ஆளுக்கு ஒரு ஓட்டு இல்லை. மொத்த அசெஸ்மென்ட்ல பாதிக்கு மேல யார் கட்டுவாங்களோ, அவங்க மனுவுல கையெழுத்துப் போட்டா போதும். பெரிய ஹோட்டலுக்குப் பெரிய எடை. ஒரே ஓனரோட பங்கு 40%-க்கு மேல போனா அந்த மிச்சத்தைக் கணக்குல எடுத்துக்கக் கூடாதுன்னு ஒரு கடிவாளமும் இருக்கு. அப்புறம் நகர கவுன்சில் ஒப்புதல் தரும்.

நேரெதிரா, அதே சான் டியேகோவுல ஹோட்டல் டாக்ஸை ஏத்தறதுக்கு 2020 மார்ச்ல வாக்காளர்கிட்ட போனாங்க. மெஷர் சி. சுமார் 65% பேர் சரின்னாங்க. ஆனா மூணுல ரெண்டு பங்கு வேணும்னு சொல்லியிருந்ததால மயிரிழையில போச்சு. சாதாரண மெஜாரிட்டியே போதுமான்னு வருஷக்கணக்கா கோர்ட்ல ஓடி, கடைசியில 2025 மே 1-ல அமலுக்கு வந்துச்சு. 10.5%-ஆ இருந்த டாக்ஸ், ஏரியாவைப் பொறுத்து 11.75%, 12.75%, 13.75% ஆயிடுச்சு. கன்வென்ஷன் சென்டர் பக்கம்தான் அதிகபட்சம். டாக்ஸை ஏத்த அஞ்சு வருஷம் மல்லுக்கட்டணும். அசெஸ்மென்ட்டுக்கு ஹோட்டல்காரங்க கையெழுத்தும் கவுன்சில் ஒப்புதலும் போதும். இந்த ரூட் ஏன் இவ்வளவு பாப்புலர்னு இப்போ புரியுதா?

சரி, உங்க பாக்கெட்டுக்கு வருவோம். அந்த டவுன்டவுன்ல ஒரு நாளைக்கு 200 டாலர் ரூம்ல நாலு நாள் தங்கறீங்கன்னு வைங்க. வாடகை 800. டாக்ஸ் 13.75% போட்டா 110. அசெஸ்மென்ட் 2% போட்டா 16. ஆக 926 டாலர். கலிஃபோர்னியா மாநில அளவுலயும் ஒரு சுற்றுலா அசெஸ்மென்ட் உண்டு, அது சில்லறைதான், விடுங்க. டெக்சாஸ்ல சான் அன்டோனியோவுல 2025-ல மாநிலம் 6%, கவுன்டி 1.75%, நகரம் 9%னு இருந்துச்சு. இதுக்கு மேல 100 ரூமுக்குக் குறையாத ஹோட்டல்ல 2019-லேர்ந்து 1.25% அசெஸ்மென்ட். எல்லாம் சேர்த்தா அப்போ 18%.

கம்பெனி "ஒரு நாளைக்கு இவ்வளவு, டாக்ஸ் உட்பட"ன்னு லிமிட் வச்சிருந்தா, இந்த வித்தியாசம் உங்க சாப்பாட்டுக் காசுலேர்ந்துதான் போகும். அதனால ரூம் ரேட்டை வச்சு கம்பேர் பண்ணாதீங்க, கடைசித் தொகையை வச்சுப் பண்ணுங்க. 60 ரூம் இருக்கற மோட்டலுக்கு அந்த 2% சான் டியேகோவுல கிடையாது. ரிசார்ட் ஃபீ, டெஸ்டினேஷன் ஃபீன்னு வர்றது இது இல்லை. அது ஹோட்டலோட சொந்த வருமானம். 2025 மே மாசத்துலேர்ந்து அதை முதல்ல காட்டற விலையிலேயே சேர்த்துச் சொல்லணும்னு அமெரிக்க ஃபெடரல் ட்ரேட் கமிஷன் விதி இருக்கு.

ப்ராஜெக்டுக்காக மாசக்கணக்குல ஹோட்டல்லயே தங்கப் போறவங்களுக்கு இன்னொரு விஷயம். இந்த டாக்ஸும் அசெஸ்மென்ட்டும் பொதுவா குறுகிய காலம் தங்கறவங்களுக்குத்தான். டெக்சாஸ் ஹோட்டல் டாக்ஸ்ல, 30 நாளோ அதுக்கு மேலயோ தொடர்ந்து தங்கப் போறேன்னு முன்கூட்டியே எழுதிக் குடுத்தா முதல் நாள்லேர்ந்தே விலக்கு உண்டு. எழுதிக் குடுக்காம விட்டா முதல் 30 நாளுக்குக் கட்டியே ஆகணும். 18%-ல ஒரு மாசம்னா எவ்வளவுன்னு போட்டுப் பாருங்க. ஒவ்வொரு ஊர்லயும் விதி கொஞ்சம் மாறும், அதனால செக்-இன் பண்றப்பவே ரிசப்ஷன்ல கேட்டு அந்த லெட்டரைக் குடுத்துடுங்க. எச்.ஆர்.கிட்ட ட்ராவல் அப்ரூவல் வாங்கும்போதே தேதி 30 நாளைத் தாண்டுதான்னும் பார்த்துக்கோங்க. 28 நாள்னு புக் பண்ணிட்டு அப்புறம் ரெண்டு வாரம் நீட்டிச்சீங்கன்னா அந்த முதல் 30 நாள் டாக்ஸ் திரும்ப வராது.