ஐந்து பேர் பெயர், ஒரே நோட்டு

கல்லூரியில் குழு புராஜெக்ட் நடக்கும் லட்சணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அட்டையில் ஐந்து பேர் பெயர். உள்ளே எழுதியது ஒருவர். பேராசிரியர் கைக்கு வருவது ஸ்பைரல் பைண்டிங் போட்ட முடிவு மட்டுமே.

இணையத்தில் பலர் சேர்ந்து எழுதும் பொது நோட்டு இந்தக் கணக்கை மாற்றுகிறது. கூகுள் டாக்ஸில் யார், எப்போது, எந்த வரியைச் சேர்த்தார், எதை அழித்தார் என்பது பதிவாகும். மைக்ரோசாஃப்ட் 2014-ல் கொண்டுவந்த ஒன்நோட் வகுப்பு நோட்டில் மூன்று பகுதிகள்: ஆசிரியரின் பாடக் குறிப்புகள், எல்லோரும் எழுதும் பொதுப் பக்கம், மாணவரும் ஆசிரியரும் மட்டும் பார்க்கும் தனிப் பக்கம். கட்டுரை முடியும்வரை காத்திருக்காமல், பாதியிலேயே 'இந்தத் தகவலுக்கு ஆதாரம் எங்கே?' என்று ஆசிரியர் ஓரத்தில் கேட்டுவிடலாம். பொது நோட்டின் முக்கியப் பயன் இதுதான்.

தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. 2010-ல் கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி, தமிழக அரசும் தமிழ் விக்கிப்பீடியாவும் சேர்ந்து கல்லூரி மாணவர்களுக்குக் கட்டுரைப் போட்டி நடத்தின. விக்கிப்பீடியாவும் ஒரு பொது நோட்டுதான்: ஒவ்வொரு கட்டுரைக்கும் திருத்த வரலாறு உண்டு, விவாதிக்கப் பேச்சுப் பக்கம் உண்டு.

பொது நோட்டுக்கு நெட் வேண்டும்; கள்ளக்குறிச்சியில் அதுதான் சிக்கல். 2019 நவம்பரில் தனி மாவட்டமாகி, 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் பெற்ற ஊர் இது. ஆனால் அந்த மாவட்டத்துக் கல்வராயன் மலையில் வெள்ளிமலையைத் தாண்டிய பல குக்கிராமங்களில் செல்போன் சிக்னல் கிடைக்காதது பழைய குறை. 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்களுக்கு அரசு தினம் 2 ஜிபி இலவச டேட்டா தந்தது. டவர் எட்டாத ஊரில் டேட்டா கார்டால் என்ன பயன்?

இங்கே கைகொடுப்பது ஆஃப்லைன் வசதி. நெட் இல்லாமல் எழுதி வைத்தால், சிக்னல் கிடைத்ததும் பொது நோட்டில் தானாகச் சேர்ந்துவிடும். ஆனால் ஒரே பக்கத்தின் ஒரே இடத்தில் இருவர் தனித்தனியாகக் கைவைத்தால் ஒன்நோட் குழம்பலாம். ஆளுக்கொரு பக்கம் பிரித்துக் கொடுப்பது நல்லது.

இன்னொன்று: திருத்த வரலாறு காட்டுவது கணக்கின் பெயரைத்தான். விடுதியில் மூவர் ஒரே போனில் எழுதினால் ஒருவர் பெயரே தெரியும். அதை மட்டும் பார்த்து மதிப்பெண் போடுவது அநியாயம். நேரில் நாலு கேள்வி கேட்டுவிட வேண்டும்.

மலைக்கு விடுமுறையில் போகும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை: பஸ் ஏறும் முன், நெட் கிடைக்கும் இடத்திலேயே கோப்பைத் திறந்து ஆஃப்லைன் வசதியைப் போட்டுக்கொள்ளுங்கள்.