கியர் லேட்டா விழுதா? கியர்பாக்ஸை இறக்கச் சொல்றதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

வி-கிராஸ், ஹைலக்ஸ் மாதிரி ஆட்டோமேட்டிக் பிக்கப்பை லோன்ல எடுத்தவங்களுக்கும், செகண்ட் ஹேண்ட்ல தேடுறவங்களுக்கும் இந்தப் பதிவு. 'டி'ல போட்டதும் வண்டி நகராம ஒரு நொடி யோசிக்குது. இல்லன்னா ஆர்பிஎம் ஏறிக்கிட்டே போகுது, அடுத்த கியர் விழ மாட்டேங்குது. ஒர்க்‌ஷாப்புல "கியர்பாக்ஸ் இறக்கணும் சார்"னு சொல்லிடுறாங்க.

அந்த ஒரு வார்த்தையோட விலை என்ன? ஒரு உதாரணக் கணக்கு: பில் ரூ.1,50,000 வருதுன்னு வைங்க. 14% வட்டியில 24 மாச பர்சனல் லோன் எடுத்தா, மாசம் சுமார் ரூ.7,200 இஎம்ஐ. வட்டி மட்டுமே சுமார் ரூ.22,850. ஆயில் மாத்தினாலே சரியாகிற கோளாறுக்கு இவ்வளவு கட்டலாமா? அதனால செலவு குறைஞ்ச சோதனையில இருந்து ஆரம்பிச்சு, ஒவ்வொரு படியா மேல போகணும்.

ஏன் லேட் ஆகுது?

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குள்ள கியரைப் பிடிக்க வைக்கிறது ஏடிஎஃப்-ங்கிற ஆயிலோட அழுத்தம்தான். ஆயில் குறைஞ்சாலோ, பழசாகிட்டாலோ, ஃபில்டர் அடைச்சாலோ, ஆயில் போற வழியைத் திறந்து மூடுற சோலினாய்டு வால்வு மக்கர் பண்ணாலோ அந்த அழுத்தம் லேட்டாத்தான் வரும். உள்ள இருக்கிற கிளட்ச் பிளேட் தேயறது இந்த லிஸ்ட்ல ஒண்ணு, அவ்வளவுதான்.

நம்ம ஏரியா ஓட்டமும் ஒரு காரணம். எண்ணூர் எக்ஸ்பிரஸ்வேல கன்டெய்னர் டிரெய்லருக்குப் பின்னாடி, திருவொற்றியூர் ஹைரோட்டுல சிக்னலுக்கு சிக்னல் ஊர்ந்து போனா, ஆயில் சீக்கிரமே சூடாகிக் கெட்டுப்போகும். லோடு ஏத்துறவங்களுக்கு இன்னும் சீக்கிரம். இப்படிக் கடினமா ஓடுற வண்டிக்கு ஆயிலை முன்கூட்டியே மாத்தச் சொல்லிப் பல மேனுவல்கள்ல தனியா போட்டிருக்கும். உங்க மேனுவல்ல அந்தப் பக்கத்தைப் பாருங்க.

படி 1: செலவே இல்லாத சோதனை

சமதளத்துல நிறுத்துங்க. முன்னாடி பின்னாடி ஆள் இருக்கக் கூடாது. இன்ஜின் சூடான பிறகு ஏசியை ஆஃப் பண்ணி, ஹேண்ட் பிரேக் போட்டு, கால் பிரேக்கை நல்லா அழுத்திக்கிட்டே நியூட்ரல்ல இருந்து 'டி'க்கு மாத்துங்க. கியர் பிடிக்கிற அந்தச் சின்ன அதிர்வு சுமார் 1 முதல் 1.5 விநாடிக்குள்ள தெரியணும். 'ஆர்'லயும் பாருங்க. காலையில மட்டும் லேட்டா, சூடான பிறகுதான் லேட்டான்னு குறிச்சு வைங்க. பக்கத்துல இருக்கிறவரை டாஷ்போர்டை போன்ல வீடியோ எடுக்கச் சொல்லுங்க. மெக்கானிக்கிட்ட வாயால விளக்குறதைவிட அந்த வீடியோ நல்லா பேசும்.

படி 2: ஆயிலும் ஸ்கேனும்

இது சில ஆயிரத்துல முடியுற படி. பல புது வண்டியில டிப்ஸ்டிக் இருக்காது. லிஃப்ட்ல ஏத்தி, சரியான சூட்டுல பிளக்கைத் திறந்துதான் அளவு பார்க்கணும். நிறத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்க:

• தெளிவான சிவப்பு: பொதுவா பிரச்சனை இல்ல.
• பிரவுன்: ஆயில் பழசு. மாத்திப் பார்க்கலாம்.
• கருப்பு, கருகின வாடை: கிளட்ச் பிளேட் எரிய ஆரம்பிச்சிருக்கலாம்.
• பால் கலந்த மாதிரி இளஞ்சிவப்பு: உள்ள தண்ணி போயிருக்கு.

கடைசியா சொன்னதை வடசென்னையில வண்டி வாங்குறவங்க மறக்கவே கூடாது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலப்போ எர்ணாவூர் பக்கம் வீட்டுக்குள்ளயே எண்ணெய் கலந்த தண்ணி வந்துச்சு. தண்ணியில நின்ன வண்டிக்கு, காத்துப் போற ப்ரீதர் குழாய் வழியா கியர்பாக்ஸுக்குள்ளயும் தண்ணி இறங்கலாம். செகண்ட் ஹேண்ட் வண்டிக்கு அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி இந்த ஆயிலைப் பாருங்க.

அப்புறம் ஓபிடி ஸ்கேன். கியர்பாக்ஸ் கோளாறுகள் பெரும்பாலும் 'பி07'ன்னு ஆரம்பிக்கிற கோடா வரும். சென்சாரா, சோலினாய்டான்னு அது வழி காட்டும். ஆயில் மாத்தினா, கம்பெனி சொன்ன வகையையே போடுங்க. உதாரணமா ஹைலக்ஸுக்கு டொயோட்டா ஏடிஎஃப் டபிள்யூஎஸ்.

படி 3: கடைசியாத்தான் இறக்குறது

ஆர்பிஎம் ஏறியும் வேகம் ஏறல, ஆயில்ல கருகின வாடை, உலோகத் துகள் எல்லாம் இருந்தா ஓவர்ஹால் நியாயமான பேச்சுதான். அப்பவும் ஸ்கேன் ரிப்போர்ட், பார்ட் வாரியான எஸ்டிமேட் ரெண்டையும் எழுத்துல வாங்குங்க. வேற ஒரு இடத்துலயும் காட்டுங்க.

தோஸ்த், பொலேரோ பிக்கப் மாதிரி மேனுவல் வண்டியா? கியர் விழவே கஷ்டப்பட்டா, ஹைட்ராலிக் கிளட்ச்ல ஆயில் ஒழுகுதா, காத்துப் புகுந்திருக்கான்னு முதல்ல பாருங்க. கியர் விழுந்தும் வண்டி இழுக்கலன்னா கிளட்ச் பிளேட்டைப் பாருங்க.

பணம் யார் தருவா?

இன்சூரன்ஸ் தரும்னு நினைச்சா ஏமாந்துடுவீங்க. தேய்மானமும் மெக்கானிக்கல் பிரேக்டவுனும் சாதாரண மோட்டார் பாலிசியில வராது. வெள்ளச் சேதத்துக்கு 'ஓன் டேமேஜ்' கவர் வேணும், வெறும் தேர்ட் பார்ட்டி போதாது. தண்ணியில நின்ன வண்டியை ஸ்டார்ட் பண்ணிக் கெடுத்தா க்ளெய்ம் சிக்கலாகும். இன்ஜின்-கியர்பாக்ஸ் புரொடெக்ட் ஆட்-ஆன் இருக்கா, அதுல என்னென்ன வருதுன்னு ரினியூவலப்போ படிங்க. வாரன்டி இன்னும் முடியலன்னா நேரா அங்கதான் போகணும். எக்ஸ்டெண்டட் வாரன்டியைப் பொதுவா பழைய வாரன்டி முடியுறதுக்குள்ள வாங்கிடணும்.

ரெண்டுமே இல்லாதவங்க, மாசம் ரூ.1,500 தனியா ஒரு ஆர்டியில போடுங்க. வருஷத்துக்கு ரூ.18,000 சேரும். ஆயில், ஸ்கேன் செலவுக்கு அதுல இருந்தே எடுக்கலாம்.

ஒண்ணு மட்டும் வேண்டாம்: "ஓடுதுல்ல, ஓடட்டும்"னு விடுறது. அழுத்தம் குறைஞ்சு ஓட ஓட கிளட்ச் பிளேட் வழுக்கிச் சூடாகும். இன்னைக்குச் சில ஆயிரத்துல முடியறது ஆறு மாசத்துல அந்த ஒன்றரை லட்சமா வந்து நிக்கலாம். நாளைக்குக் காலையில ஆபீஸ் கிளம்பும்போதே படி 1-ஐ பண்ணிப் பாருங்க.