மறுமையிலும் மனையறமா?

ஒரே சொல்லை இரு சாரார் வழங்குமிடத்து இருவரும் ஒரே பொருளையே கருதுகின்றனர் என்று கொள்வது இயல்பு. சமய நூல்களைப் பயில்வோர்க்கு இவ்வியல்பு பல இடங்களில் இடர் விளைப்பது. 'நித்திய சீவன்' என்னுஞ் சொல் அதற்குத் தக்க சான்றாகும். தமிழிலே புரட்டஸ்தாந்தர் நெடுங்காலமாக வழங்கி வருவது இச்சொல்லே. கத்தோலிக்கர் இந்நாளில் 'நிலைவாழ்வு' என்பர். சொல் வேறாயினும் அவ்விரு சாராரும் கருதும் பொருள் பெரும்பாலும் ஒன்றே. ஆனால், அமெரிக்க நாட்டிற் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தோன்றிய மொர்மன் சமயத்தார், அதே விவிலியத்தைக் கையிலேந்தி அதே சொல்லைக் கூறும்போது, பெரிதும் வேறான ஒரு வாழ்வைக் கருதுகின்றனர். இவ்வேறுபாடு யாது, எங்ஙனம் எழுந்தது, அதன் அடியில் நிற்கும் மனிதத் துயரம் எத்தகையது என்பவற்றை ஈண்டு நோக்குவோம்.

'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை' என்பதே இச்சமயத்தாரின் முறையான பெயர். 'மொர்மன்' என்னும் பெயரைத் தவிர்த்து முழுப் பெயரையே வழங்குமாறு 2018 ஆம் ஆண்டில் அச்சபையின் தலைவர் கேட்டுக்கொண்டார். ஆயினும் உலக வழக்கிற் பழம் பெயரே இன்னும் நின்று நிலவுதலின், சுருக்கங் கருதி இக்கட்டுரையிலும் அதனையே ஆள்கின்றோம். சபையின் உறுப்பினர் தொகை இன்று ஒரு கோடியே எழுபது இலட்சத்துக்கு மேற்பட்டது.

அண்ணனின் மரணம்

இச்சபையை நிறுவிய யோசப் சிமித் 1805 ஆம் ஆண்டில் வேர்மொன்ற் மாநிலத்திலே பிறந்தவர். எளிய உழவர் குடும்பம். நியூயோர்க் மாநிலத்துப் பல்மைரா என்னும் ஊர்ப்புறத்தில் அக்குடும்பம் வாழ்ந்த காலத்தில், 1823 ஆம் ஆண்டு நவம்பர் மாதம், மூத்த தமையனாகிய அல்வின் இருபத்தைந்து வயதில் இறந்தான். யோசப்புக்கு அப்போது பதினேழு வயது. அல்வின் எத்திருச்சபையிலுஞ் சேராதவன், ஞானஸ்நானம் பெறாதவன். அவன் நரகஞ் சென்றிருப்பான் என்னும் கருத்துப்பட அடக்கச் சடங்கிலே போதகர் பேசினார் என்று, இன்னொரு சகோதரராகிய வில்லியம் பிற்காலத்தில் நினைவு கூர்ந்தார். நல்லவனாய் வாழ்ந்து, பெற்றோருக்கு உழைத்து, இளமையில் மாண்ட மகனைக் குறித்துத் தாய் தந்தையர் கேட்ட சொல் இது. மொர்மன் சமயத்தாரின் மறுமைக் கொள்கையை அறிய விரும்புவோர் இவ்விழவு வீட்டிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

இவ்வினா கிறித்தவ உலகிற்குப் புதியதன்று. இத்தாலியப் பெருங்கவி தாந்தே, தம் காவியத்தில் தமக்கு வழிகாட்டியாக வந்த வேர்ஜிலை, அவர் கிறிஸ்துவுக்கு முன் வாழ்ந்தவர் என்பதனாலே, துன்பமுமின்றி நம்பிக்கையுமின்றி ஏங்கி நிற்போர் உலகில் வைத்தார். தாம் ஆசான் என்று போற்றிய ஒருவரை வாயிலுக்கு வெளியே விட்டுத் தாம் உள்ளே செல்லும் வேதனை அக்காவியம் முழுவதிலும் ஊடுருவி நிற்கின்றது. பழங்கவிஞன் ஒருவனைக் குறித்துத் தாந்தே உற்ற துயரை, உடன்பிறந்தான் ஒருவனைக் குறித்து யோசப் சிமித் உற்றார்.

காட்சியே பேறு

பொதுக் கிறித்தவ மரபு நித்திய சீவன் என்பதனை எங்ஙனம் விளக்குகின்றது? முடிவின்றி நீளுங் காலம் என்பது அதன் முதற் பொருளன்று. ஒரே மெய்க் கடவுளையும் அவர் அனுப்பிய கிறிஸ்துவையும் அறிதலே நித்திய சீவன் என்பது யோவான் சுவிசேடத்தின் பதினேழாம் அதிகாரங் கூறும் இலக்கணம். ஆகவே அவ்வாழ்வு இறந்தபின் தொடங்குவதன்று. அறிவும் அன்பும் பிறக்குங் கணத்திலே தொடங்கி, உயிர்த்தெழுதலில் நிறைவெய்துவது. ஆறாம் நூற்றாண்டின் அறிஞர் போவேதியஸ், நித்தியம் என்பது எல்லையற்ற வாழ்வை ஒருங்கே முழுமையாக உடைமையாகக் கொள்ளுதல் என வரையறுத்தார். நேற்று இழந்ததும் நாளை அஞ்சுவதும் அங்கில்லை.

கத்தோலிக்கத் திருச்சபை இதனைக் 'காட்சி' என்னும் சொல்லாற் குறிக்கின்றது. தூய்மையுற்ற ஆன்மாக்கள் இறைவனின் இயல்பை முகமுகமாய்க் காண்கின்றன என்று 1336 ஆம் ஆண்டிற் பாப்பரசர் பன்னிரண்டாம் பெனடிக்ற் வரையறுத்து அறிவித்தார். கீழைத் திருச்சபையினர் இன்னும் ஒரு படி மேற்சென்று, மனிதன் தெய்வீகம் அடைகின்றான் என்றே துணிந்து கூறுவர். நான்காம் நூற்றாண்டின் அத்தனாசியார் காலந்தொட்டு வரும் வழக்கு இது. புரட்டஸ்தாந்தர் உத்தரிக்குந் தலத்தை மறுத்து, விசுவாசத்தினாலே அருளாகக் கிடைக்கும் பேறு என்பதை வற்புறுத்துவர்.

இம்மூவர்க்குமிடையே வழக்குகள் பல. எனினும் ஓரிடத்தில் மூவரும் ஒன்றுபடுவர். படைத்தவன் வேறு, படைக்கப்பட்டது வேறு. அவ்விடைவெளி மறுமையிலும் அழிவதில்லை. தீயிலிட்ட இரும்பு தீயின் செம்மையையும் வெம்மையையும் பெறினும் இரும்பு இரும்பே என்பதுபோல, அடியான் ஆண்டவனின் ஒளியிலே தோய்கின்றான், ஆண்டவனாகி விடுவதில்லை.

மூன்று மகிமைகள்

இனி மொர்மன் கொள்கையை நோக்குவோம். 1830 ஆம் ஆண்டில் வெளிவந்த மொர்மன் நூல் பெரும்பாலும் மோட்சம், நரகம் என்னும் இரண்டையே பேசுகின்றது. மூன்று மகிமைகளும், நித்திய விவாகமும், மரித்தோர்க்கான ஞானஸ்நானமும் அந்நூலில் இல்லை. அவை அதன் பின்னர் படிப்படியாக எழுந்தவை.

1832 ஆம் ஆண்டு பெப்ரவரி 16 ஆந் திகதி, ஒகாயோ மாநிலத்து ஹைரம் என்னும் ஊரில், தாமும் சிட்னி றிக்டன் என்பவரும் ஒருங்கே ஒரு தரிசனங் கண்டதாக யோசப் சிமித் அறிவித்தார். உயிர்த்தெழுவோருக்கு மூன்று உலகங்கள் உள என்பது அதன் சாரம். மேலுலகின் மகிமை சூரியன் போன்றது. நடுவுலகினது சந்திரன் போன்றது. கீழுலகினது விண்மீன் போன்றது. இவ்வுவமைகள் கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய முதல் நிருபத்தின் பதினைந்தாம் அதிகாரத்திலிருந்து எடுக்கப்பட்டவை. நேர்மையாய் வாழ்ந்தும் சுவிசேடத்தை ஏற்காதோர் நடுவுலகு செல்வர். பொய்யரும் விபசாரரும் தண்டனையனுபவித்தபின் கீழுலகு செல்வர். அக்கீழுலகின் மகிமையே மனித அறிவுக்கு எட்டாதது என்பர். நன்கறிந்தும் ஒளியை மறுத்து எதிர்த்த மிகச் சிலரே புறவிருளில் விடப்படுவர். ஏறத்தாழ மாந்தர் அனைவர்க்கும் ஓரளவு பேறு உண்டு என்னும் இக்கொள்கை, அக்காலத்து மொர்மன்களுட் சிலர்க்கே ஏற்க அரிதாயிருந்தது. பின்னர் தலைவரான பிரிகம் யங், தாம் வளர்ந்த மரபுக்கு இது முற்றும் மாறாயிருந்ததென வெளிப்படையாகக் கூறியுள்ளார்.

இவ்விடத்தில் ஒரு நுண்ணிய வேறுபாட்டை மனத்திருத்தல் வேண்டும். மொர்மன் வழக்கில் 'அழிவின்மை' வேறு, 'நித்திய சீவன்' வேறு. கிறிஸ்துவின் உயிர்த்தெழுதலாற் சாவின்றி உடலுடன் எழுதல் அனைவர்க்கும் இலவசமாகக் கிடைப்பது, அது அழிவின்மை. நித்திய சீவன் என்பதோ மேலுலகின் மிகவுயர்ந்த நிலை. கடவுள் எவ்வாழ்வு வாழ்கின்றாரோ அவ்வாழ்வு. அதனை 'உயர்த்தப்படுதல்' என்றும் வழங்குவர். அதற்கு விசுவாசமும் கீழ்ப்படிதலும் ஆலயச் சடங்குகளும் வேண்டும்.

பிரியாத இல்லறம்

அச்சடங்குகளுள் தலையாயது விவாகம். மறுமையிற் கொள்வாரும் இல்லை, கொடுப்பாரும் இல்லை என்று இயேசு சதுசேயருக்கு விடையிறுத்ததை மத்தேயு சுவிசேடங் கூறுகின்றது. அதனால் விவாக பந்தம் மரணத்தோடு முடிவது என்பதே பெரும்பான்மைக் கிறித்தவரின் துணிபு. மொர்மன்களோ அவ்வாக்கியத்தை மறுவாறு கொள்வர்: அங்கே விவாகஞ் செய்தல் இயலாது, ஆதலின் இங்கேயே, உரிய அதிகாரமுடையோர் முன்னிலையில், நித்தியத்துக்குமாகச் செய்துகொள்ளல் வேண்டும். 1843 ஆம் ஆண்டில் எழுத்துருப் பெற்ற இப்போதனையோடு பலதார மணமும் பிணைந்திருந்தது. அது 1852 இற் பகிரங்கமாக்கப்பட்டுப் பெரும் பூசலுக்கு இடமாகி, 1890 இல் அதனைக் கைவிடும் அறிக்கை வெளிவந்தது. ஆயினும் நித்திய விவாகம் நின்றது. கணவன் மனைவி மட்டுமன்றிப் பெற்றோரும் பிள்ளைகளும் தலைமுறை தலைமுறையாக 'முத்திரிக்கப்பட்டு' இணைதலே மொர்மன் மோட்சத்தின் உருவம்.

இதன் அடியில் கடவுளைப் பற்றிய கொள்கையே வேறுபடுகின்றது. பிதாவாகிய கடவுள் தசையும் எலும்புமாகிய உடலுடையவர் என்று யோசப் சிமித் 1843 இற் போதித்தார். 1844 ஏப்ரிலில், தாம் கொலையுண்பதற்கு மூன்று மாதங்கட்குள், கடவுள் ஒரு காலத்தில் மனிதராயிருந்து உயர்ந்தவர் என்றும், மாந்தரும் அந்நெறியில் உயரக்கூடியவர் என்றும் பிரசங்கித்தார். கடவுளும் மனிதரும் ஓரினமாயின், மறுமை என்பது தந்தையின் நிலைக்கு மக்கள் வளர்தலே. கடவுள் படைக்கப்படாத தனிமுதலாயின், மறுமை என்பது அம்முதலைக் கண்டு நிறைதலே. ஏனைய வேறுபாடுகள் யாவும் இவ்வொன்றிலிருந்து கிளைப்பன. கீழைத் திருச்சபையார் கூறும் தெய்வீகமும் மொர்மன் கூறும் உயர்ச்சியும் ஒலியில் ஒத்திருப்பினும் பொருளில் ஒவ்வாமைக்குக் காரணமும் இதுவே.

மரித்தோர்க்கு நீராட்டு

அல்வினுக்கு வருவோம். 1836 ஆம் ஆண்டு சனவரியில், கேட்லன்ட் ஆலயத்திற் கண்ட தரிசனமொன்றில், அல்வினை மேலுலகிலே கண்டு தாம் வியந்ததாக யோசப் சிமித் கூறினார். சுவிசேடத்தைக் கேளாது இறந்தோர், கேட்டிருப்பின் ஏற்றிருப்பாராயின், மேலுலகிற்கு உரியர் என்பது அவர் பெற்ற விடை. 1840 இல், இலினோய் மாநிலத்து நோவூ நகரில், ஓர் அடக்கச் சடங்கின்போது, உயிரோடிருப்போர் மரித்தோருக்குப் பதிலாக ஞானஸ்நானம் பெறலாம் என்று அறிவித்தார். ஞானஸ்நானமின்றி இறந்த மகனையுடைய கைம்பெண் ஒருத்தி அக்கூட்டத்தில் இருந்தாள். விரைவிலே மிசிசிப்பி ஆற்றில் மக்கள் தத்தம் தாய் தந்தையர்க்காக மூழ்கி எழத் தொடங்கினர். இந்நாளில் இச்சடங்கு ஆலயங்களில், பன்னிரு எருதுருவங்கள் தாங்குந் தொட்டியில் நடைபெறுகின்றது. ஆவியுலகிலுள்ள மரித்தவர் அதனை ஏற்கவும் மறுக்கவும் உரிமையுடையர் என்பர்.

இதற்கு ஆதாரமாக அவர் காட்டுவது அதே நிருபத்தின் இருபத்தொன்பதாம் வாக்கியம். பவுல் அவ்வழக்கை எடுத்துக்காட்டினாரேயன்றி விதித்திலர் என்பது ஏனைத் திருச்சபைகளின் மறுமொழி. மார்சியன் என்பவரின் கூட்டத்தார் இத்தகைய சடங்கு புரிந்ததை நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த கிறிசோஸ்தோம் அருளப்பர் கண்டித்துள்ளார். மரித்தோர்க்காகச் செபிக்கலாமேயன்றி அவர்க்காக அருட்சாதனம் பெறலாகாது என்பது கத்தோலிக்க நிலை.

மொர்மன்களோ பெயரறியாத முன்னோர்க்கு நீராட்ட முடியாதாகையால் பெயர்களைத் தேடப் புறப்பட்டனர். 1894 இல் யூற்றா மாநிலத்தில் வமிசாவளிச் சங்கம் நிறுவினர். 1938 முதற் பல நாடுகளின் பதிவேடுகளை நுண்படமாக்கினர். சால்ற் லேக் நகருக்கு அண்மையிலுள்ள கருங்கல் மலையைக் குடைந்த காப்பறையில் இருபத்துநான்கு இலட்சம் படச்சுருள்கள் சேர்ந்தன. அவற்றை மின்வடிவாக்கும் பணி 2021 இல் நிறைவெய்தியது. அண்ணனுக்காக அழுத ஒரு தம்பியின் வினா, உலகின் மிகப் பெரிய வமிசாவளிக் களஞ்சியமாகப் பெருகிவிட்டது. ஆனால் அன்பினாற் செய்வதும் பிறரைப் புண்படுத்தக் கூடும். நாற்சிகளாற் கொலையுண்ட யூதர்களின் பெயரால் ஞானஸ்நானம் நடைபெற்றமை வெளியானபோது யூதர் மனங்கொதித்தனர். 1995 இல் அதனை நிறுத்த உடன்பாடு செய்யப்பட்டது. பங்குப் பதிவேடுகளை இதற்குக் கொடுக்கவேண்டாம் என்று 2008 இல் வத்திக்கான் பணித்தது. அதற்கு முன்னரே, 2001 இல், மொர்மன் ஞானஸ்நானம் செல்லாது என்று அது தீர்ப்பளித்திருந்தது. திரித்துவத்தின் பெயரே கூறப்படினும் கருதப்படும் பொருள் வேறு என்பதே காரணம். சொல் ஒன்று, பொருள் இரண்டு என்று தொடக்கத்திற் கூறியதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இரு விடைகள்

பொதுக் கிறித்தவமும் இதற்கிடையே வாளாவிருக்கவில்லை. தம் குற்றமின்றிச் சுவிசேடத்தை அறியாதோரும் மீட்படையக்கூடும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964 இல் உரைத்தது. ஞானஸ்நானமின்றி இறந்த மழலைகளைக் குறித்து நம்பிக்கை கொள்ள இடமுண்டென 2007 இல் வெளியான இறையியல் ஆவணமொன்று கூறுகின்றது. பல்மைராவின் அப்போதகர் பேசியதாகக் கூறப்படும் சொல்லை இன்று அங்ஙனம் துணிந்து கூறுவோர் பலரல்லர்.

எனவே, அல்வினை வெளியே நிறுத்தக் கூடாதென்பதில் இரு சாராரும் நெருங்கி வந்துள்ளனர். முறையே வேறு. ஒரு சாரார் கதவின் திறவுகோல் கடவுளின் இரக்கத்தில் உள்ளதென நம்பிக் காத்திருக்கின்றனர். மறுசாரார் அத்திறவுகோல் தம் கையிலும் தரப்பட்டுள்ளதென நம்பிப் பெயர் பெயராகத் தேடுகின்றனர். முன்னையதில் உரிமையோடு கேட்கும் உறுதி குறைவு. பின்னையதில் அருள் என்பது சடங்கின் கணக்காகிவிடும் அச்சம் உண்டு.

மனையறம் பற்றிய வினாவும் அத்தகையதே. தாந்தேயின் காவியத்தில், அவரை விண்ணுலகின் உச்சிவரை கொணர்ந்த பெயாத்திரிச்சே, இறுதியில் தன் இருக்கைக்கு மீண்டு, ஒருமுறை நோக்கிப் புன்னகைத்து, நித்திய ஊற்றின்பால் முகந்திரும்பி விடுகின்றாள். அன்பு அங்கே அழியவில்லை. தன் மூலத்தைக் கண்டு அதிலே அமைதியுறுகின்றது. மொர்மன் இல்லத்தரசி ஒருத்தியிடம் இக்காட்சியைச் சொன்னால், அவள் எங்கே திரும்பினாள், தன்னவரின் கையை ஏன் விட்டாள் என்றே கேட்பாள். இறைவனைக் கண்டபின் வேறெதுவும் வேண்டுமோ என்பது ஒரு வினா. நம்மவரின்றி இறைவனைக் காண்பது இன்பமாகுமோ என்பது மற்றொரு வினா. இறந்தோரைக் குறித்து அழுதறிந்த எவர்க்கும் இவ்விரண்டும் அயலானவையல்ல.