வெப்பமும் வேலையும்

ஒரு பொருளில் வெப்பம் அடங்கியிருப்பதாகப் பேசுவது நம் வழக்கம். இயற்பியல் இதனை ஏற்பதில்லை. பொருளில் அடங்கியிருப்பது அக ஆற்றல். வெப்பநிலை வேறுபாட்டினால் அவ்வாற்றல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கடந்து செல்கையில் மட்டுமே அதற்கு வெப்பம் என்று பெயர். விசை ஒன்று நகர்த்துவதனால் கடந்தால் அது வேலை. மிதிவண்டிக்குக் காற்றடிக்கையில் பம்பின் அடிப்பகுதி சுடுகிறதே, அங்கே நெருப்பு ஏது? கை செய்த வேலையே காற்றின் அக ஆற்றலாயிற்று. கணக்கில் சேர்ந்துவிட்ட பணம் ரொக்கமாக வந்ததா, காசோலையாக வந்ததா என்பதை இருப்புத்தொகை காட்டாதன்றோ?

அரபு இயற்பியல் நூல்கள் வேலையைப் பெரும்பாலும் 'ஷுக்ல்' என்கின்றன. ஒன்றில் ஈடுபட்டிருத்தலைக் குறிக்கும் சொல் அது. தேக்கிவைக்க இயலாத ஒன்றுக்கு நல்ல தேர்வென்றே கருதுகிறேன்.

இத்தெளிவு எளிதில் பிறந்ததன்று. வெப்பத்தை எடையற்றதொரு பாய்மமாகவே பதினெட்டாம் நூற்றாண்டு அறிஞர் பலர் கருதினர். லவாசியே 1789இல் வெளியிட்ட தனிமப் பட்டியலில் 'கலோரிக்' என்ற பெயரில் அதற்கும் இடமளித்தார். இதனை மடமை என ஒதுக்குவது நீதியன்று. பழுக்கக் காய்ச்சிய இரும்பை நீரில் இட்டால், இழப்பும் பேறும் அக்கொள்கைப்படியே சரியாக வரும்.

அதனை உலுக்கியவர் மியூனிக் படைக்கலச் சாலையில் பீரங்கி துளைக்கும் பணியை மேற்பார்த்த ரம்போர்டு பிரபு. நீர் சூழ்ந்த உலோக உருளையின்மீது மழுங்கிய துளைக்கருவியை அழுத்தி, குதிரைகளைக் கொண்டு உருளையைச் சுழற்றினார். இரண்டரை மணி நேரத்தில், நெருப்பேயின்றி நீர் கொதித்தது. தேய்க்குந்தோறும் வற்றாது வருவது, உலோகத்துள் அடங்கிய ஒரு பொருளாக எவ்வாறு இருக்க முடியும்? 1798இல் அவர் முன்வைத்த வாதம் இதுவே. ஆயினும் கலோரிக் கொள்கை உடனே வீழ்ந்துவிடவில்லை.

வாதத்திற்கு உறுதியான அளவைத் தந்தவர் இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஜூல். 1840களில், இறங்கும் எடைக்கற்களால் துடுப்புச் சக்கரத்தைச் சுழற்றி, நீரின் வெப்பநிலை உயர்வை அளந்தார். 1 கிலோ நீரை 1 டிகிரி செல்சியஸ் உயர்த்த ஏறத்தாழ 4,186 ஜூல் வேண்டும் என்பது இன்றைய கணக்கு. அதே நீர் சுமார் 427 மீட்டர் உயரத்திலிருந்து வீழ்வதற்கு அது நிகர். இத்துணை நுண்ணிய மாற்றம் நெடுங்காலம் கண்ணில் படாததில் வியப்பில்லை.

இரண்டும் ஒரே ஆற்றலின் வழிகளே எனினும் முற்றிலும் சமமானவை அல்ல. வேலை முழுவதையும் வெப்பமாக்கலாம். ஆனால் சுழற்சியாக இயங்கும் எந்த எந்திரமும் தான் பெற்ற வெப்பம் முழுவதையும் வேலையாக்க இயலாது. ஒரு பகுதியைக் குளிர்ந்த பக்கத்திற்கு விட்டே ஆக வேண்டும். நீராவி எந்திரத்திற்குக் குளிர்ந்த பக்கம் இன்றியமையாதது என்பதை, கலோரிக்கை நம்பிக்கொண்டே 1824இல் கண்டுரைத்தவர் பிரெஞ்சுப் பொறியாளர் சாதி கார்னோ.